மஞ்சள் சட்டைக் கோஷ்டியும் சிங்கம் போட்ட கவரும்

நம் வயதுக்காரர்களுக்குள் பேசாத பேச்சு எது மிச்சமிருக்கிறது? முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது, வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் ஏன் போன் எடுப்பதில்லை, எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் பேசியதில்லை. போன வருஷம் அண்ணனிடம் பேசினேன். அவரிடமும் முழுசாகப் பேசவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள், எனக்குக் கோபம் வரும்.

அறுபதுகளின் கடைசி. நமுனுகுல மலையின் அடியில் இருந்தது எங்கள் தோட்டம். எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கப் போவார். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஓர் அறை. அதன் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கித்தார் தொங்கியது. தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனதை, பங்களாச் சமையல்காரர் அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். வரும்போது அதில் நாலு கம்பிதான் இருந்தது. ஐந்தாவதுக்கு சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கட்டினார் அண்ணன். ஆறாவது கடைசிவரை கிடையாது. கேட்டால், "இருக்கறது அஞ்சு வெரலு, ஆறாவது கம்பி எதுக்கு?" என்பார்.

கோஷ்டியில் மொத்தம் மூன்று பேர். அண்ணன் கித்தார். தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டரின் மகன் பாட்டும் அக்கார்டியனும். லொறி டிரைவரின் மகன் மேளம். மேளம் என்றதும் பெரிசாக நினைத்துவிடாதீர்கள். ஃபேக்டரியில் ஓரத்தில் அடி வாங்கிக் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டி அது. பலகைக்கு உட்புறம் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். கையால் தட்டினால் தும் என்று ஒரு சத்தம், பின்னாலேயே சர்ரென்று தாள் அதிரும் சத்தம். தட்டத் தட்ட உள்ளேயிருந்து தேயிலைத் தூள் பறந்து டிரைவர் மகன் தும்முவார். அந்தத் தும்மலும் தாளத்திலேயே விழும் என்று நாங்கள் சிரிப்போம்.

பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய மஞ்சள் சூரியனை வரைந்து, 'சன்னி திரீ' என்று இங்கிலீசில் எழுதியிருந்தார்கள். லயத்து ஜனங்களுக்கு அது வாயில் வரவில்லை. 'வெயில் பார்ட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் பொருத்தம்தான், பாட்டெல்லாம் வெயிலைப் பற்றித்தானே. மூன்று மாதம் விடாமல் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில் அவர்கள் வேறு எதைப் பாடுவார்கள்? ஊரெல்லாம் தெரிந்த பாட்டு ஒன்று இருந்தது:

பனியே பனியே தள்ளிப்போ,
எங்க கம்பளி காயணும்!

மழைக்குத் தலையில் போர்த்திய கம்பளியோடு கொழுந்து பறிக்கிற பெண்கள் மலை முழுக்க இதைப் பாடினார்கள். "வெயில அப்பறம் கூப்புடுங்கடி, மொதல்ல கொழுந்த பாருங்க!" என்று கங்காணி கத்துவார். கத்திவிட்டு அவரும் முணுமுணுப்பார், நான் கேட்டிருக்கிறேன்.

முதலில் தோட்டத்துத் திருவிழாவில் பாடினார்கள். பிறகு கல்யாண வீடுகள். பிறகு பதுளை டவுனில் கோயிலுக்கும் கூப்பிட்டார்கள், நத்தாருக்குச் சர்ச்சுக்கும் கூப்பிட்டார்கள். அண்ணன் நடக்கும்போதே தோள் கொஞ்சம் ஏறிப்போயிற்று. மூன்று பேருக்கும் ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்றார். மஞ்சள் சட்டைக்கு எங்கே போவது? அம்மா மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்து, மஞ்சளை இடித்துப் போட்டு, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள் மூன்றை அதில் முக்கி எடுத்தார். எங்கள் அறை ஒரு வாரம் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

பதுளைக் கார்னிவலில் அந்தச் சட்டைகளோடு மேடையேறினார்கள். இரண்டாவது பாட்டில் தூறல். மஞ்சள் கரைந்து காற்சட்டையெல்லாம் ஒழுக ஆரம்பித்தது. முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. எனக்கு அழுகை முட்டியது, அம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார். மாஸ்டர் மகன் கொஞ்சமும் அசரவில்லை. மைக்கைப் பிடித்து, "சிரிக்காதீங்க, எங்க வெயிலு உருகுது!" என்றார். அவ்வளவுதான், கூட்டம் கைதட்டி விசிலடித்து, அதே பாட்டை மூன்று தடவை பாடவைத்தது. தண்டவாளம் மாதிரி விறைப்பாகவே இருக்கும் என் அப்பாகூட அன்று தொடையில் தாளம் போட்டார்.

கார்னிவலுக்குக் கொழும்பு ரேடியோவில் வேலை செய்யும் ஒருவர் வந்திருந்தார். இறங்கி வந்த மூன்று பேரையும் கூப்பிட்டு, "ரேடியோவுக்கு எழுதிப்போடுங்க தம்பி, நானும் சொல்றேன்" என்றார். மறுவாரமே அண்ணன் விண்ணப்பம் எழுதி, பதுளைக்குப் போய்த் தன் கையாலேயே தபாலில் போட்டுவிட்டு வந்தார். பதில் எங்கள் லயத்து விலாசத்துக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு. மாஸ்டர் வீட்டுக்கு வந்தால் மாஸ்டர் கிழித்துப்போடுவார். மகன் ஆசிரியப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒருவழியாக அவர் ஒரு தவணை கொடுத்தார். தைப்பொங்கலுக்குள் ரேடியோ கூப்பிட்டால் மகன் போகலாம், இல்லையென்றால் அக்கார்டியனை மூடிவைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பவேண்டும். மூன்று பேரின் பிழைப்பும் அந்த ஒரு கடிதத்தில் இருந்தது.

எங்கள் வீட்டில் இன்னொரு கடிதத்துக்கும் காத்திருந்தோம். உங்களுக்குத் தெரியும், நமக்கு அப்போது நாடு கிடையாது. இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் எங்களைக் கேட்காமலே பங்கு போட்டிருந்தன. அப்பா, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இந்தியாவுக்குப் போக எழுதிப்போட்டுவிட்டார். தெரிந்த அன்று அம்மா சோறு பொங்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்து ஒன்றரை வயதில் செத்துப்போன அக்காவை அந்தத் தோட்டத்தில்தான் புதைத்திருந்தோம். "என் புள்ளைய இங்க தனியா போட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன், நீங்க வேணும்னா கப்பலேறுங்க" என்றார் அம்மா. அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார். அவர் எப்போதுமே பதில் சொல்லாத மனிதர்.

அன்றைக்கு மறுநாள் குழாயடியில் வைத்து அம்மா என்னிடம் சொன்னார்:

"இங்க பாரு புள்ள. காக்கிக் கவரு வரும். மேல சிங்கம் அச்சடிச்சிருக்கும். அது இந்தியாவுக்கு கூப்புடற கடுதாசி. அப்பா கண்ணுல பட்டுச்சு, நம்ம கத முடிஞ்சிச்சு. நீ வாங்குனா நேரா அடுப்புல வச்சிரு."

"அப்பா அடிச்சா?"

"அடிச்சா அம்மா பாத்துக்கறேன்."

தபால்காரர் எங்கள் மலை ஏறமாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், "இந்தா, ஒங்க வீட்டுக்கு கெவுருமெண்டு கடுதாசி" என்று ஒரு காக்கிக் கவரை என் கையில் வைத்தார். விலாசம் இங்கிலீசில் டைப் அடித்திருந்தது. எனக்கு அப்போது ஏ, பி, சி, டிதான் தெரியும், அதையும் எழுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை. நான் பார்த்தது சிங்கத்தை. சிங்கம் இருந்தது. கவரைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடினேன். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் தணல் கிடந்தது. கவரை வைத்து ஊதாங்குழலால் ஊதினேன். மாலையில் அம்மா வந்ததும் காதில் சொன்னேன். அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பத்து வயதுக் கழுதையை யாராவது இடுப்பில் வைப்பார்களா? வைத்தார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

மார்கழியில் டிரைவர் வீட்டுக்கு இந்தியக் கடிதம் வந்தது. டிரைவர் மனைவி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கவர் அவர் மடியில் கிடந்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதிலும் சிங்கம் இருந்தது. ஆனால் அது ஒரு சிங்கம் இல்லை, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற சிங்கங்கள், மூன்று முகம் தெரிந்தது. நான் எரித்தது வேறு. அது ஒற்றைச் சிங்கம், கையில் வாள் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்த்த இந்த நாட்டுச் சிங்கம். இரண்டு அரசாங்கத்துக்கும் சிங்கம்தான் கிடைத்ததா? புலியோ யானையோ வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

இந்த நாட்டு அரசாங்கத்திலிருந்து எங்கள் லயத்து அறைக்கு அப்போது யார் எழுதுவார்கள்? ரேடியோவைத் தவிர யாரும் இல்லை. பத்து வயதுக்கே அது விளங்கிவிட்டது.

அம்மாவிடம் ஓடினேன். அவர் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். "வாளு இருந்துச்சா? நல்லா பாத்தியா?" பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் அழ ஆரம்பித்ததும் என் வாயைப் பொத்தினார்.

"அண்ணன்கிட்ட சொல்லாத. சொன்னா அவன் ஜென்மத்துக்கும் நம்ம ரெண்டு பேரையும் மன்னிக்கமாட்டான்."

அன்றைக்கே சொல்லியிருந்தால் ரேடியோவுக்கு இன்னொரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். இவ்வளவு சின்ன விஷயம். எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. அரசாங்கக் கடிதம் என்றால் ஒரே தடவைதான் வரும், தவறினால் தவறியதுதான் என்பது எங்கள் எண்ணம். அம்மாமேல் எனக்கு இன்றைக்கும் அந்த ஒரு கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகம்.

பொங்கல் வந்தது, போனது. மறுநாள் காலையில் மூன்று பேரும் எங்கள் லயத்து வாசலில் கூடினார்கள். மாஸ்டர் மகன் பயிற்சிக்குப் புறப்படுகிற உடுப்போடு வந்திருந்தார்.

"உண்மைய சொல்லு. லெட்டர நீ போட்டியா, போடலயா?"

"போட்டேன்டா. சாமி சத்தியமா போட்டேன்."

"போட்டா பதில் எங்க? வேணாம்னாகூட ஒரு வரி எழுதுவாங்கல்ல? நீ போடவே இல்ல. நான் பேரெடுத்துருவேன்னு ஒனக்கு வயித்தெரிச்சல்."

"ஏன்டா இப்பிடி பேசற? எனக்கும் சேத்துத்தானடா எழுதுனேன்!"

"லயத்துப் புத்தி போகுமா?"

அந்த வார்த்தை விழுந்ததும் டிரைவர் மகன் பெட்டியில் தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அவர் திருப்பித் திட்டவில்லை, அடிக்கவில்லை. "சரி, நீ போ" என்றார். மாஸ்டர் மகன் போய்விட்டார். நான் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் போதும். அம்மா உள்ளிருந்து என்னைப் பார்த்தார். நான் திறக்கவில்லை.

அந்தப் பங்குனியில் டிரைவர் குடும்பம் பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறியது. அந்தக் கோச்சியை நாம் அழுகைக் கோச்சி என்போம், ஞாபகமிருக்கிறதா? பிளாட்பாரம் முழுக்கக் கட்டிப்பிடித்து அழுகிற சத்தத்தில் விசில்கூடக் கேட்காது. மேளப் பெட்டியில் சட்டி பானைகளை அடுக்கி ஆணி அடித்திருந்தார்கள். மஞ்சள் சூரியனின் மேலே, இந்தியாவில் போய் இறங்கவேண்டிய ஊரின் பெயர் கரியால் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு டிரைவர் மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மாஸ்டர் மகன் பயிற்சி முடித்து மொனராகலைப் பக்கம் வாத்தியாராகப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் ஃபேக்டரியில் அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்தார். கித்தாரை அடுத்த லயத்துப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார். தன் கல்யாணத்தில்கூட ஒரு வரி பாடவில்லை.

அப்பா எழுதிக் கேட்டிருந்த இந்தியக் கடிதம் கடைசிவரை வரவே இல்லை. வராத கடிதத்துக்குப் பயந்து வந்த கடிதத்தை எரித்திருக்கிறோம். எங்களுக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது, அதற்கும் எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பா நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். சாவதற்கு முன் ஒருநாள் அம்மாவிடம் அவர் சொன்னது, எனக்கும் கேட்டது: "அங்க போயிருந்தா பெரியவனோட பாட்டுக்கு ஒரு வழி பொறந்திருக்கும். அதுக்குத்தான் எழுதிப்போட்டேன்." அம்மா எழுந்து குழாயடிக்குப் போய்க் காலிக்குடத்தோடு நின்றார். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, மனிதா! அம்மாவும் இப்போது இல்லை. அந்த இரகசியத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து பதுளை ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வைத்திருந்தார்கள். ஹாலிஎலயில் மகள் வீட்டுக்கு அவர் திரும்பிவந்த பிறகு பார்க்கப் போனேன். காலை பத்துமணி இருக்கும். மகள் சந்தைக்குப் போயிருந்தாள். இனியும் தள்ளிப்போட்டால் சொல்ல முடியாமலே போய்விடும் என்று பயமாக இருந்தது.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லு. இந்தத் தடவ யாரு செத்தா?"

சொன்னேன். குழாயடியில் அம்மா சொன்னது, கவர், சிங்கம், அடுப்பு, எல்லாவற்றையும். பாதியில் நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. நாற்காலிக் கையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"கவரு கனமா இருந்துச்சா, மெல்லிசா இருந்துச்சா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அப்ளிகேசனோட நாங்க மூணு பேரும் எடுத்த போட்டோவ வச்சி அனுப்புனோம். அட்டையில ஒட்டுன பெரிய போட்டோ. வேணாம்னா போட்டோவ திருப்பி அனுப்பிருவோம், வேணும்னா வச்சிக்குவோம்னு அந்த ரேடியோக்காரரு சொல்லியிருந்தாரு."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எழுபத்தேழு வயது. சட்டைப் பொத்தானுக்கு மேலே ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டிய தடம் சிவந்திருந்தது. இந்த மனிதனுக்கு நான் எதைக் கொடுப்பது?

"கனமாத்தான் இருந்துச்சு அண்ணே. அட்ட மாதிரி. வளைக்கவே முடியல."

"நெசமா?"

"அம்மா மேல சத்தியமா."

அண்ணன் பின்னால் சாய்ந்து பெருமூச்சு விட்டார். அப்புறம் சிரிப்பு வந்தது அவருக்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவிகளா, வேணாம்னுதான் சொல்லியிருக்கானுங்க! அதுக்கா இத்தன வருசம்?" என்று போனை எடுத்தார். மாஸ்டர் மகனின் நம்பர் இரண்டு வருஷமாகவே அதில் இருந்ததாம். ஒருநாளும் அழுத்தியதில்லை. அன்று அழுத்தினார், காது மந்தம் என்பதால் சத்தமாக வைத்தார்.

"டேய், நாந்தான். ரேடியோவுலேர்ந்து பதில் வந்திருக்குடா. அப்பவே வந்திருக்கு. நம்ம வேணாம்னு போட்டோவ திருப்பி அனுப்பியிருக்கானுங்க. தங்கச்சி தெரியாம அடுப்புல வச்சிட்டா."

அந்தப் பக்கம் யாரோ டி.வி.யை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"வேணாம்னுட்டாங்களா?" என்றது ஒரு கிழட்டுக் குரல். "நல்லவேளடா. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா வந்திருக்குமோ, நானா விட்டுட்டு வந்துட்டேனோன்னு... எத்தன வருசம்." பிறகு, "அன்னைக்கு ஒன்ன ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"எந்த வார்த்த?"

"ஞாபகம் இல்லையா ஒனக்கு?"

"ஒன்னும் ஞாபகம் இல்ல போ" என்றார் அண்ணன். என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். அடுத்து இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். சட்டையில் மஞ்சள் ஒழுகியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தேத்தண்ணி போடுகிறேன் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

அம்மாமேல் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கவருக்குள் இருந்தது ஒற்றைத் தாள். தணலில் வைத்து இரண்டு தடவைகூட ஊதவில்லை, எரிந்து முடிந்துவிட்டது.